சிஐ பில்டை எளிமையாக்குவது எப்படி: கன்டெய்னர், கம்பைல் கேஷ் இரண்டுக்குமான முழுமையான வழிகாட்டி

சி++ புராஜெக்ட் ஒன்றில் நான்கு வரியை மாற்றிவிட்டு, அது சரியா தவறா என்று தெரிய அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்த சிஐ (ஒவ்வொரு கமிட்டுக்கும் தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டும் அமைப்பு) இருந்தும் பயனில்லை. யாரும் அவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். வேறு வேலையை எடுத்துவிடுவார்கள், பில்ட் தோற்றுச் சிவப்பு விழுந்தது சாயங்காலம்தான் கண்ணில் படும், அதற்குள் அதன்மேல் இன்னும் சில கமிட்கள் ஏறியிருக்கும். பில்ட் நேரம் குறைந்தால் ஒரு குழு வேலை செய்யும் விதமே மாறிவிடுகிறது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, சிமேக், நிஞ்சா என்ற பில்ட் கருவிகளை வைத்து லினக்ஸில் பில்ட் ஆகும் ஒரு நடுத்தர அளவு சி++ புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். அது கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடுகிறது. கிட்லேப் வைத்திருப்பவர்களுக்கு எங்கெங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். சி மொழியானாலும் இதே முறைதான்.

நேரம் எங்கே போகிறது

கிட்ஹப் தரும் ரன்னர் ஒவ்வொரு ஜாபுக்கும் புத்தம் புதிய விர்ச்சுவல் மெஷின். அதில் முதலில் ஆப்ட் மூலம் கம்பைலர், லைப்ரரிகள், பைத்தான் பேக்கேஜ்கள் எல்லாம் இறங்கும். அப்புறம் ரெப்போ க்ளோன் ஆகும், சிமேக் கான்ஃபிகர் ஓடும், பிறகு இருக்கிற அத்தனை ஃபைலும் முதலிலிருந்து கம்பைல் ஆகும். நீங்கள் மாற்றியது ஒரு ஃபைல் என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது.

"அப்படியானால் பில்ட் ஃபோல்டரையே எடுத்து வைத்து அடுத்த முறை திரும்பப் போட்டுவிடலாமே" என்று பலருக்கும் தோன்றும். இது சரியாக வேலை செய்யாது. மேக்கும் நிஞ்சாவும் எந்த ஃபைலைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது, ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்ற நேரத்தைப் பார்த்து. கிட் அந்த நேரத்தைச் சேமிப்பதே இல்லை. புதிதாக க்ளோன் செய்தால் எல்லா ஃபைலுக்கும் இந்த நிமிடத்தின் நேரம்தான் விழும், அதனால் நிஞ்சாவின் கண்ணுக்கு எல்லாமே புதியது, எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். நேரத்தை வலுக்கட்டாயமாகப் பின்னால் தள்ளி வைக்கும் தந்திரங்கள் உண்டு. அவை சில நாள் வேலை செய்துவிட்டு, ஒரு நாள் பழைய ஆப்ஜெக்ட் ஃபைலைப் புதிய ஹெட்டரோடு லிங்க் செய்து, புரியாத கிராஷ் ஒன்றைக் கொடுக்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, வேறு வழி என்ன? ஒரு பில்டில் இருக்கும் விஷயங்கள் எந்த வேகத்தில் மாறுகின்றன என்று பாருங்கள். கம்பைலரும் லைப்ரரிகளும் மாதத்துக்கு ஒரு முறை மாறினால் அதிகம். கம்பைல் ஆன ஆப்ஜெக்ட்கள் கமிட்டுக்குக் கமிட் கொஞ்சம் மாறும், பெரும்பகுதி அப்படியே இருக்கும். சோர்ஸ் கோட் ஒவ்வொரு முறையும் மாறும். மெதுவாக மாறுவதை இமேஜில் (கன்டெய்னர் என்ற தனித்த சூழல் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்தத் தயார்நிலை அச்சு) வையுங்கள், நடுவில் இருப்பதை கம்பைல் கேஷில் (முன்பு கம்பைல் ஆனதைச் சேமித்துத் திரும்பத் தரும் இடம்) வையுங்கள், வேகமாக மாறுவதை இரண்டிலும் வைக்காதீர்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரே பிரிப்பிலிருந்து வருபவைதான். சிஐ அமைப்புகளில் நான் பார்க்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் வந்தவை.

படி 1: பில்டை யாமலிலிருந்து வெளியே எடுங்கள்

சிஐ என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் வொர்க்ஃப்ளோ யாமல் ஃபைலுக்குள்ளேயே ஐம்பது அறுபது வரி ஷெல் கட்டளைகள் இருந்தால், அந்த பில்டை சிஐக்கு வெளியே யாராலும் ஓட்டிப் பார்க்க முடியாது. ஒரு வரியைச் சோதிக்கக்கூட கமிட் செய்து, புஷ் செய்து, காத்திருக்க வேண்டும். அதனால் ரெப்போவில் சிஐ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் இரண்டு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். உள் ஸ்கிரிப்ட், கன்டெய்னருக்குள்ளே ஓடுவது: கான்ஃபிகர், பில்ட், டெஸ்ட். வெளி ஸ்கிரிப்ட், கன்டெய்னரைத் தொடங்கி உள் ஸ்கிரிப்டைக் கூப்பிடுவது. யாமலில் மிச்சம் இருக்க வேண்டியது மூன்று வேலைதான்: கோடை எடு, கேஷை எடு, வெளி ஸ்கிரிப்டை ஓட்டு.

பிட்காயின் கோர் புராஜெக்ட் இப்படித்தான் செய்கிறது. அதன் சிஐ ஃபோல்டரில் ஒவ்வொரு வகை பில்டுக்கும் ஒரு சிறிய அமைப்பு ஃபைல் இருக்கும், எந்த ஃபைல் வேண்டும் என்று ஒரு சூழல் மாறியில் சொல்லிவிட்டு ஒரே ஸ்கிரிப்டை ஓட்டினால், சிஐயில் ஓடும் அதே பில்ட் உங்கள் லேப்டாப்பிலும் கன்டெய்னருக்குள் ஓடும். உள்ளே சி-கேஷும் (படி 4இல் வரும் கம்பைல் கேஷ் கருவி) இருக்கிறது. நன்றாக நடக்கும் ஒரு பெரிய சி++ புராஜெக்ட் இதை எப்படி அமைத்திருக்கிறது என்று பார்க்க விரும்பினால் அந்த ஃபோல்டரைத் திறந்து படியுங்கள்.

உள் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷின் செட் கட்டளையை, எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நிற்கும்படியும் வரையறுக்காத மாறியைப் பயன்படுத்தினால் நிற்கும்படியும் போட்டுவிடுங்கள். தோற்ற பில்ட் பச்சையாகத் தெரிவதைவிட மோசமான சிஐ கோளாறு கிடையாது.

படி 2: இமேஜ்

கன்டெய்னர் கருவியான டாக்கர் 2013இல் வெளிவந்தது, இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. அதற்கு மாற்றான பாட்மேன் பிடித்தவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம், இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதும் டாக்கர்ஃபைல் அப்படியே ஓடும்.

அடிப்படை இமேஜைத் தேர்ந்தெடுக்கும்போது லேட்டஸ்ட் என்ற டேக்கைத் தொடாதீர்கள். டெபியன் 12 அல்லது உபுண்டு 24.04 என்று எண்ணோடு எழுதுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் இமேஜின் ஷா256 டைஜஸ்டையே எழுதலாம். இதே காரணத்தால்தான் கிட்ஹப்பின் உபுண்டு-லேட்டஸ்ட் ரன்னரை நம்பி நேரடியாக அதன்மேல் பில்ட் செய்வதும் ஆபத்து. அந்தப் பெயர் 22.04இலிருந்து 24.04க்கு நகர்ந்தபோது ஜிசிசி கம்பைலரின் 11ஆம் பதிப்பு இருந்த இடத்தில் ஜிசிசி 13 வந்தது. கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் புதிய எச்சரிக்கைகள் வரும், எச்சரிக்கையைப் பிழையாகக் கருதும் புராஜெக்ட் என்றால் பில்டே உடையும். கன்டெய்னருக்குள் பில்ட் செய்தால் ரன்னர் எந்த உபுண்டுவாக இருந்தாலும் கவலையில்லை.

டாக்கர்ஃபைலில் ஆப்ட் அப்டேட்டையும் இன்ஸ்டாலையும் ஒரே ரன் வரியில் எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் அப்டேட் செய்த லேயர் (ஒவ்வொரு ரன் வரியும் இமேஜில் சேர்க்கும் அடுக்கு) கேஷில் பழையதாக உட்கார்ந்திருக்கும், அடுத்த மாதம் நீங்கள் ஒரு பேக்கேஜைச் சேர்க்கும்போது, சர்வரில் இப்போது இல்லாத பழைய பதிப்பைத் தேடி 404 வாங்கும். பரிந்துரைப் பேக்கேஜ்கள் வேண்டாம் என்ற ஆப்ஷனைப் போடுங்கள், அதே வரியின் கடைசியில் ஆப்ட் பட்டியல் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். வேறொரு வரியில் அழித்தால் இமேஜின் அளவு குறையாது, ஏனென்றால் முந்தைய லேயரில் அது அப்படியே இருக்கும்.

என்னென்ன உள்ளே போக வேண்டும்: கம்பைலர், சிமேக், நிஞ்சா, கிட், சி-கேஷ், உங்கள் புராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரிகள். பூஸ்ட், புரோட்டோபஃப் போன்ற பெரிய லைப்ரரியைச் சோர்ஸிலிருந்து கட்ட வேண்டியிருந்தால் அதையும் இங்கேயே கட்டிவிடுங்கள், அப்போது அது ஒரே முறைதான் கம்பைல் ஆகும். சோர்ஸ் கோட் மட்டும் உள்ளே போகக் கூடாது. காப்பி வரி ஒன்றைப் போட்டு புராஜெக்டை இமேஜுக்குள் தள்ளும் டாக்கர்ஃபைல்கள் இணையமெங்கும் கிடைக்கின்றன. சர்வரில் ஓட வேண்டிய செயலிக்கு அது சரி. பில்ட் இமேஜுக்கு அப்படிச் செய்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் புது இமேஜ் ஆகிவிடும், நாம் பிரித்து வைத்ததெல்லாம் மறுபடி கலந்துவிடும்.

அடுத்து, இந்த இமேஜை எப்போது கட்டுவது? டாக்கர்ஃபைலின் உள்ளடக்கத்துக்கு ஒரு ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறுகிய அடையாளம்) எடுத்து, அதன் முதல் பன்னிரண்டு எழுத்தை இமேஜின் டேக்காக வையுங்கள். சிஐ தொடங்கும்போது அந்த டேக் ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமித்து வைக்கும் சர்வர்) இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கட்டி ஏற்றும். இதன் அழகு என்னவென்றால், டாக்கர்ஃபைலை மாற்றும் புல் ரிக்வெஸ்ட் தானாகவே தன் புது இமேஜில் ஓடும், மற்றவர்களின் பிராஞ்ச்கள் பழைய இமேஜிலேயே இருக்கும், ஒருவர் செய்யும் சோதனை இன்னொருவர் பில்டை உடைக்காது. ஆறு மாதத்துக்கு முந்தைய கமிட்டை எடுத்தாலும் அதற்குரிய இமேஜ் எது என்று கோடே சொல்லும். ஒரே ஒரு குறை: டாக்கர்ஃபைல் மாறாவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதற்கு டாக்கர்ஃபைலில் ஒரு கருத்து வரியாகத் தேதி எழுதி வைத்து மாதம் ஒரு முறை அதை மாற்றினால் போதும், மாற்றம் ஒரு கமிட்டாகப் பதிவாகும், எதாவது உடைந்தால் எதனால் என்றும் தெரியும்.

இமேஜை கிட்ஹப்பின் கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரியிலோ கிட்லேப்பின் ரெஜிஸ்ட்ரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். டாக்கர் ஹப் 2020 நவம்பரில் இழுப்புகளுக்கு வரம்பு கொண்டுவந்தது: லாகின் இல்லாமல் 6 மணி நேரத்துக்கு 100, இலவசக் கணக்கோடு 200. அலுவலகத்தில் நீங்களே வைத்திருக்கும் ரன்னர்கள் எல்லாம் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருந்தால் 100 என்பது ஒரு மதிய நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

படி 3: கன்டெய்னரை ஓட்டும் விதம்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஜாபுக்கே கன்டெய்னர் என்று ஒரு வரி எழுதினால் எல்லாப் படிகளும் அதற்குள் ஓடும். வசதிதான். ஆனால் வெளி ஸ்கிரிப்ட் வழியாக டாக்கர் ரன் செய்வதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் லேப்டாப்பிலும் சிஐயிலும் ஒரே வரி ஓடும். கிட்லேப்பில் ஜாபின் இமேஜ் வரிதான் இயல்பான வழி, அங்கே உள் ஸ்கிரிப்டை நேரடியாகக் கூப்பிடுங்கள்.

டாக்கர் ரன் வரியில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, ரெப்போ ஃபோல்டரை கன்டெய்னருக்குள் எப்போதும் ஒரே பாதையில், உதாரணமாக ரூட்டின் கீழே எஸ்ஆர்சி என்ற பெயரில், மவுன்ட் செய்யுங்கள். இரண்டு, இன்னொரு ஃபோல்டரை சி-கேஷுக்காக மவுன்ட் செய்யுங்கள். பாதை ஏன் மாறக்கூடாது என்பது அடுத்த படியில் வரும்.

மூன்றாவது, யூசர். எதுவும் சொல்லாவிட்டால் கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடும், உருவாகும் ஃபைல்கள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகும், லேப்டாப்பில் பில்ட் ஃபோல்டரை அழிக்கக்கூட சூடோ தேவைப்படும். யூசர் ஆப்ஷனில் உங்கள் யூசர் எண்ணையும் குரூப் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். இதனால் இன்னொரு தொல்லையும் தீரும்: கிட் 2.35.2 வெளிவந்த 2022 ஏப்ரலுக்குப் பிறகு, ரெப்போ ஃபோல்டர் வேறொரு யூசருக்குச் சொந்தமாக இருந்தால் கிட் வேலை செய்ய மறுக்கும். சேஃப் டைரக்டரி என்ற அமைப்பைச் சேர்க்கச் சொல்லும் அந்தப் பிழையைக் கன்டெய்னரில் பில்ட் செய்யும் பலரும் பார்த்திருப்பார்கள். யூசர் எண் பொருந்தினால் அந்தப் பிழையே வராது. ஹோம் ஃபோல்டர் இல்லாத யூசராக ஓடுவதால் சி-கேஷின் இடத்தை நாமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கும், எப்படியும் அதைச் செய்யப்போகிறோம். ரூட் இல்லாத பாட்மேனில் இந்த ஆப்ஷன் தேவையில்லை, அங்கே உள்ளே இருக்கும் ரூட் என்பது வெளியே நீங்கள்தான்.

ஆப்பிளின் எம் வரிசைச் சிப் வைத்த மேக்கில் இருப்பவர்கள் கவனிக்க: இன்டெல் இமேஜை அங்கே ஓட்டினால் எமுலேஷனில் ஓடும், கம்பைல் மிக மெதுவாக நடக்கும். ஆர்ம் பதிப்பு இமேஜையும் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.

படி 4: சி-கேஷ்

ஆர்சிங்க், சாம்பா இரண்டின் மூலமாகவும் பெயர்பெற்ற ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் 2002இல் எழுதிய கருவி இது. 2010இலிருந்து யோயல் ரோஸ்டால் பராமரித்து வருகிறார். இத்தனை ஆண்டுகளாக ஒரே வேலையைப் பொறுப்பாகச் செய்துவரும் மென்பொருள் என்பதால் இதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இது கம்பைலருக்கு முன்னால் நின்றுகொள்ளும். நீங்கள் ஒரு ஃபைலைக் கம்பைல் செய்யச் சொன்னால், சோர்ஸின் உள்ளடக்கம், அது இழுக்கும் எல்லா ஹெட்டர்களின் உள்ளடக்கம், கம்பைலர் ஆப்ஷன்கள், கம்பைலரின் அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் எடுக்கும். அதே ஹாஷ் முன்னால் வந்திருந்தால் சேமித்து வைத்த ஆப்ஜெக்ட் ஃபைலைக் கொடுத்துவிடும், கம்பைலரைக் கூப்பிடவே கூப்பிடாது. வராவிட்டால் கம்பைல் செய்து, விளைவைச் சேமித்துக்கொள்ளும். ஃபைலின் நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தைப் பார்ப்பதால்தான் கிட் க்ளோன் பிரச்சினை இதற்கு இல்லை. 2020இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து பிளேக்3 ஹாஷையும், இயல்பாகவே இஸட்ஸ்டான்டர்ட் அமுக்கத்தையும் பயன்படுத்துகிறது. அதற்கு முந்தைய 3 வரிசைப் பதிப்பு உங்கள் இமேஜில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

சிமேக்கில் இதை இணைப்பது எளிது. சிக்கும் சி++க்கும் தனித்தனியாக கம்பைலர் லாஞ்சர் என்ற மாறி உண்டு, சிமேக் 3.4இலிருந்து இருக்கிறது, அதில் சி-கேஷ் என்று கொடுத்தால் முடிந்தது. இதை சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைலில் எழுதாதீர்கள். 3.17இலிருந்து இதே பெயரில் சூழல் மாறியாகவும் கொடுக்கலாம், டாக்கர்ஃபைலிலேயே வைத்துவிடுங்கள், புராஜெக்டின் கோடுக்கு சி-கேஷ் என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம். மேசான் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு வேலையே இல்லை, சி-கேஷ் நிறுவியிருந்தால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். வெறும் மேக்ஃபைல் என்றால் டெபியன், உபுண்டு இரண்டிலும் யூஎஸ்ஆர் லிப் சி-கேஷ் என்ற ஃபோல்டரில் ஜிசிசி, ஜி++ பெயர்களில் இணைப்புகள் இருக்கும், அதைப் பாத் மாறியின் முன்னால் சேர்த்தால் போதும்.

மற்ற அமைப்புகள் நான்கைந்துதான். கேஷ் ஃபோல்டரின் இடம்: நாம் மவுன்ட் செய்த ஃபோல்டர். அதிகபட்ச அளவு: சொல்லாவிட்டால் 5 ஜிபி வரை போகும், சிஐக்கு அது மிக அதிகம், நடுத்தர புராஜெக்டுக்கு 500 எம்பியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அடிப்படை ஃபோல்டர்: ரெப்போவின் பாதை, இதற்குக் கீழே இருக்கும் முழுப் பாதைகளை சி-கேஷ் சார்புப் பாதைகளாக மாற்றிக்கொள்ளும்.

கம்பைலர் சோதனை என்ற அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இயல்பாக சி-கேஷ் கம்பைலர் ஃபைலின் அளவையும் மாற்றிய நேரத்தையும் வைத்து அதை அடையாளம் காணும். டெபியன் பேக்கேஜிலிருந்து வந்த கம்பைலருக்கு அந்த நேரம் பேக்கேஜிலேயே பதிந்திருப்பதால் இமேஜைத் திரும்பக் கட்டினாலும் மாறாது. நீங்களே கட்டிய கம்பைலரோ, இறக்கி விரித்த கிராஸ் கம்பைலரோ என்றால் இமேஜ் கட்டும் ஒவ்வொரு முறையும் நேரம் மாறக்கூடும், ஒரே கம்பைலராக இருந்தும் கேஷ் மொத்தமும் வீணாகும். இதன் மதிப்பைக் கன்டென்ட் என்று மாற்றுங்கள். கம்பைலரின் உள்ளடக்கத்தையே ஹாஷ் எடுக்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தாலும் நிம்மதி.

இப்போது பாதை விஷயம். மைனஸ் ஜி ஆப்ஷனோடு கம்பைல் செய்தால் டீபக் தகவலில் எந்த ஃபோல்டரில் நின்று கம்பைல் செய்தோம் என்பது பதிவாகும், அதனால் சி-கேஷ் அந்த ஃபோல்டரையும் ஹாஷில் சேர்த்துக்கொள்கிறது. ஒருவர் ஹோம் ஃபோல்டரிலும் சிஐ வேறெங்கோவும் பில்ட் செய்தால் ஹாஷ் பொருந்தாது. கன்டெய்னருக்குள் பாதை எப்போதும் ஒன்றே என்றால் இந்தச் சிக்கல் எழுவதேயில்லை. கன்டெய்னரும் சி-கேஷும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் இதுதான்: அதே பாதை, அதே கம்பைலர், அதே சிஸ்டம் ஹெட்டர்கள், ஆகவே அதே ஹாஷ். இரண்டில் ஒன்றை மட்டும் போடுபவர்களுக்கு ஏன் பாதிப் பலன்தான் கிடைக்கிறது என்பதற்கும் இதுவே விடை.

படி 5: கேஷை ஜாபுக்கு ஜாப் கடத்துவது

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. கிட்ஹப்பின் கேஷ் அம்சத்தில் ஒரு கீயில் ஒரு முறை சேமித்தால் அதை மேலெழுத முடியாது. லினக்ஸ்-ஜிசிசி என்று நிலையான கீ வைத்தால், முதல் நாள் சேமித்ததே எப்போதும் திரும்ப வரும், அடுத்தடுத்த கமிட்களில் சேர்ந்தது எதுவும் சேமிக்கப்படாது, வாரம் போகப் போக கேஷ் பழையதாகிக்கொண்டே வரும். யாரும் கவனிக்க மாட்டார்கள், பில்ட் மட்டும் மெல்ல மெல்ல நீளும்.

சரியான முறை: கீயின் முன்பகுதியில் கம்பைலரும் பில்ட் வகையும், கடைசியில் கமிட் ஹாஷ். திரும்ப எடுக்கும் கீகள் என்ற இடத்தில் கமிட் ஹாஷ் இல்லாத முன்பகுதி மட்டும். அப்போது சேமிப்பு ஒவ்வொரு முறையும் புதிய கீயில் நடக்கும், எடுப்பது அந்த முன்பகுதியில் கடைசியாகச் சேமித்ததை எடுக்கும். முன்பகுதியில் இமேஜின் டேக்கைச் சேர்க்காதீர்கள். இமேஜில் ஒரு சிறிய பேக்கேஜ் மாறியதற்காகக் கேஷ் முழுவதையும் கைவிட வேண்டியதில்லை, எது செல்லும் எது செல்லாது என்பதை சி-கேஷின் ஹாஷே சரியாக முடிவு செய்யும்.

ஒரு ரெப்போவுக்கு இயல்பாக 10 ஜிபி இடம், 7 நாள் யாரும் தொடாத கேஷ் நீக்கப்படும், இடம் நிரம்பினால் பழையது வெளியே போகும். ஒரு பிராஞ்ச் தன் கேஷையும், தான் கிளைத்த பிராஞ்சின் கேஷையும், மெயின் பிராஞ்சின் கேஷையும் பார்க்கலாம், பக்கத்துப் புல் ரிக்வெஸ்டின் கேஷைப் பார்க்க முடியாது. இவை இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். எட்டு வகை பில்ட், ஒவ்வொன்றுக்கும் 500 எம்பி என்றால் ஒரு கமிட்டுக்கே 4 ஜிபி. புல் ரிக்வெஸ்ட்கள் எல்லாம் சேமிக்கத் தொடங்கினால், எல்லாருக்கும் பயன்படும் மெயின் கேஷ் ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளப்பட்டுவிடும். ஆகவே எடுக்கும் படியையும் சேமிக்கும் படியையும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், அதற்கென்றே ரீஸ்டோர், சேவ் என்று தனித்தனி ஆக்‌ஷன்கள் இருக்கின்றன. எடுப்பது எல்லாருக்கும், சேமிப்பது மெயின் பிராஞ்சுக்கு மட்டும். புல் ரிக்வெஸ்டில் மாறுவது சில ஃபைல்கள்தானே, மெயினின் கேஷே அவற்றுக்குப் போதும்.

சேமிப்பதற்கு முன்னால் ஒரு நாளுக்கு மேல் பயன்படாததை நீக்கும் ஆப்ஷனை சி-கேஷில் ஓட்டுங்கள், எவிக்ட் ஓல்டர் தேன் என்று பெயர். கடந்த ஒரு நாளில் தேவைப்பட்டவை மட்டும் மிஞ்சும், ஏற்றி இறக்கும் அளவு நன்றாகக் குறையும்.

கிட்லேப்பில் விதிகள் வேறு. கேஷ் ஃபோல்டர் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே இருந்தால் எடுத்துக்கொள்ளாது. அதனால் சி-கேஷின் இடத்தை ரெப்போவுக்குள் ஒரு மறைந்த ஃபோல்டராக வைத்து கிட் இக்னோரில் சேர்த்துவிடுங்கள். அங்கே ஒரே கீயை மேலெழுத முடியும், எனவே நிலையான கீ போதும். புல் ரிக்வெஸ்ட் போன்ற மெர்ஜ் ரிக்வெஸ்ட் ஜாப்களுக்கு கேஷ் பாலிஸியைப் புல் என்று மட்டும் வையுங்கள். ரன்னர்கள் பல இருந்து, அவற்றுக்குப் பொதுவான எஸ்3 வகைச் சேமிப்பு அமைக்கப்படவில்லை என்றால் ஒவ்வொரு ரன்னரும் தன் டிஸ்கில் தனித்தனிக் கேஷ் வைத்திருக்கும், ஹிட் விகிதம் (கம்பைல் செய்யாமல் கேஷிலிருந்தே கிடைக்கும் பங்கு) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

டாக்கர்ஃபைலின் ரன் வரியில் கேஷ் வகை மவுன்ட் போட்டு அதற்குள் சி-கேஷை வைக்கும் யோசனையும் பலர் சொல்வதுண்டு. டாக்கர் இமேஜைக் கட்டும் பில்ட்கிட்டில் அது நன்றாக வேலை செய்யும், ஒரே மெஷினில் திரும்பத் திரும்பக் கட்டும்வரை. ஒவ்வொரு முறையும் புது மெஷின் தரும் ரன்னரில் அந்த மவுன்ட் வெறுமையாகத்தான் தொடங்கும், லேயர் கேஷை வெளியே ஏற்றினாலும் அதோடு இது போவதில்லை.

படி 6: உண்மையிலேயே வேலை செய்கிறதா

உள் ஸ்கிரிப்டில் பில்டுக்கு முன் சி-கேஷின் புள்ளிவிவரத்தைச் சுழியமாக்குங்கள், பில்டுக்குப் பின் காட்டச் சொல்லுங்கள். இது இல்லாமல் கேஷ் வைத்திருப்பதில் அர்த்தமேயில்லை. பிறகு எந்த மாற்றமும் இல்லாமல் அதே கமிட்டை மெயினில் இரண்டாவது முறை ஓட்டுங்கள். ஹிட் கிட்டத்தட்ட 100 சதவீதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒன்று ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

பெரும்பாலும் குற்றவாளி கமிட் ஹாஷைச் சுமக்கும் வெர்ஷன் ஹெட்டர். அதை எல்லா ஃபைலும் இழுத்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் எல்லா ஃபைலும் மாறியதாகவே கணக்கு. அந்த மதிப்பை ஒரே ஒரு சிபிபி ஃபைலுக்குள் வைத்து, ஹெட்டரில் ஃபங்ஷனை மட்டும் அறிவியுங்கள். அடுத்தது, கம்பைல் நேரத்தைக் கோடில் பதிக்கும் டேட், டைம் மேக்ரோக்கள். அவற்றை எடுத்துவிடுவதே நல்லது. சி-கேஷின் சில சோதனைகளைத் தளர்த்தும் ஸ்லாப்பினஸ் அமைப்பில் அவற்றைப் பொருட்படுத்தாதே என்று சொல்லலாம்தான், ஆனால் அப்போது பைனரிக்குள் இருக்கும் நேரம் பொய்யாகிவிடும். ப்ரீகம்பைல்டு ஹெட்டர் பயன்படுத்தினால் சி-கேஷுக்குக் கூடுதல் ஸ்லாப்பினஸ் அமைப்புகள் வேண்டும், என் யோசனை, சிஐயில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், பல நேரம் கேஷ் மட்டும் இருப்பதே வேகமாக இருக்கும். இயந்திரத்துக்கேற்ற ஆர்க்கிடெக்சர் ஆப்ஷனான மார்ச் நேட்டிவ் சிஐயில் கூடவே கூடாது, இன்று கிடைக்கும் ரன்னரின் சிபியு நாளை கிடைக்காது.

இவையெல்லாம் இல்லாமலும் மிஸ் வந்தால், டீபக் அமைப்பை இயக்கி இரண்டு முறை பில்ட் செய்யுங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பக்கத்தில், ஹாஷுக்குள் என்னென்ன போனது என்ற உரை ஃபைலை சி-கேஷ் எழுதி வைக்கும். இரண்டையும் டிஃப் போட்டால் மாறிய வரி பளிச்சென்று தெரியும். இவ்வளவு நேர்மையாகத் தன் முடிவை விளக்கும் கருவிகள் குறைவு, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ஹிட் 95க்கு மேல் வந்த பிறகும் பில்ட் மெதுவாக இருந்தால் மிச்சம் இருப்பது லிங்க்கிங்கும் டெஸ்டும். சி-கேஷ் லிங்க்கைத் தொடாது. எல்எல்டி அல்லது மோல்டு என்ற வேகமான லிங்க்கருக்கு மாறிப் பாருங்கள். இரண்டையும் உருவாக்கியதில் முக்கியப் பங்கு ரூயி உயெயாமாவுடையது. பெரிய பைனரிகளில் வித்தியாசம் உடனே தெரியும்.

எங்கே கேஷ் வேண்டாம்

வெளியே போகும் ரிலீஸ் பில்டில் சி-கேஷை டிஸேபிள் மாறி வைத்து அணைத்துவிடுங்கள், சுத்தமாக முதலிலிருந்து கட்டுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் நேரம் ஒரு பொருட்டே இல்லை. பயனர் கையில் போகும் பைனரி, கேஷில் இருந்த யாரோ ஏற்றிய ஆப்ஜெக்டிலிருந்து வந்திருக்கக் கூடாது.

இதே எச்சரிக்கை பகிர்ந்த கேஷுக்கும் பொருந்தும். சி-கேஷ் 4.4இலிருந்து ரெடிஸ், எச்டிடிபி சர்வர்களை இரண்டாம் சேமிப்பாக வைத்துக்கொள்ள முடியும், மொஸில்லாவின் எஸ்-கேஷ் என்ற இதே வகைக் கருவி எஸ்3, ரெடிஸ் இரண்டோடும் பேசும், ரஸ்ட் கோடையும் கேஷ் செய்யும். குழு முழுவதும் ஒரே கேஷைப் பகிர்ந்தால் காலையில் சிஐ கம்பைல் செய்ததை உங்கள் லேப்டாப் இலவசமாகப் பெற்றுக்கொள்ளும், அருமையான வசதி. ஆனால் எழுதும் உரிமை சிஐயின் மெயின் ஜாபுக்கு மட்டும் இருக்கட்டும், மற்ற எல்லாருக்கும் படிக்கும் உரிமை. வெளியாட்களின் ஃபோர்க்கிலிருந்து வரும் கோட் ஓடும் ஜாபுக்கு எழுதும் உரிமை கொடுத்தால், அந்த கோட் கேஷில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், உங்கள் மெயின் பில்ட் அதை நம்பி எடுத்துக்கொள்ளும்.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்டில்

எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் மாற்றாதீர்கள். முதலில் ஸ்கிரிப்டை மட்டும் வெளியே எடுத்து மெர்ஜ் செய்யுங்கள், நேரம் மாறாது, பரவாயில்லை. அடுத்த வாரம் இமேஜ். பழைய ஜாபும் புதிய ஜாபும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், டெஸ்ட் முடிவுகள் ஒன்றாக வருகின்றனவா பாருங்கள், வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் லோக்கேல், டைம்ஸோன், அல்லது இமேஜில் விட்டுப்போன ஏதோ ஒரு சிறிய பேக்கேஜ்தான் காரணமாக இருக்கும். அப்புறம் சி-கேஷ், முதலில் ஒரே ஒரு பில்ட் வகைக்கு. அதில் இரண்டாவது ஓட்டத்தின் ஹிட் எண் சரியாக வந்ததும் மற்ற வகைகளுக்கு அதே வரிகளை நகலெடுத்து, கீயின் முன்பகுதியை மட்டும் மாற்றுங்கள்.